ஓர் ஊரில் ஒரு ராஜா

காலை நிகழ்ச்சியில் ஆங்கிலம் என்று வாயைத் திறந்தால் போதும், வாட்சாப் நிரம்பி வழியும். பழைய பாட்டு கேட்டுக்கூட அவ்வளவு பேர் எழுதுவதில்லை. சென்ற வாரம் வந்தவற்றில் இரண்டு மனத்தில் தங்கிவிட்டன. ஒன்று, வேலை தேடும் ஒரு பெண்ணுடையது: “விண்ணப்பத்தை நாலு தடவை எழுதி அழிச்சிட்டேன். எங்கே ‘ஏ’, எங்கே ‘தி’ன்னு தெரியல. அனுப்பாமலே விட்டுட்டேன்.” இன்னொன்று, ஒரு தாயாருடையது: “வீட்டில் தமிழ் பேசுறதை நிறுத்தினா மகனுக்கு இங்லீஷ் வந்துடுமா?”

தாயாருக்கான பதில் அந்தப் பெண்ணின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பாட்டி சொன்ன கதை எப்படித் தொடங்கும்? ‘ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள்.’ முதல் தடவை வரும்போது ‘ஒரு’ ராஜா. நமக்கு அறிமுகமான பிறகு ‘அந்த’ ராஜா. ‘ஏ’, ‘தி’ இரண்டின் அடிப்படை வேலையும் இதுதான். கேட்பவருக்கு எதைச் சொல்கிறோம் என்று இன்னும் தெரியாவிட்டால் ‘ஏ’, தெரிந்துவிட்டால் ‘தி’. ‘ஐ அட்டெண்டட் ஏ கோர்ஸ் இன் ஈப்போ. தி கோர்ஸ் வாஸ் யூஸ்ஃபுல்.’ நான்கு வயதில் மடியில் படுத்துக் கேட்ட இலக்கணம்.

எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. நாம் ‘அந்தச் சூரியன்’ என்பதில்லை. ஆங்கிலமோ, இருப்பது ஒன்றுதான் என்பதால் ‘தி சன்’ என்கிறது. ‘நான் ஆசிரியர்’ என்று நாம் முடித்துவிடுவோம். அங்கே ‘ஐ ஆம் ஏ டீச்சர்’ என்றுதான் சொல்ல வேண்டும். விண்ணப்பக் கடிதங்களில் காணாமல் போவது பெரும்பாலும் இந்த ‘ஏ’தான்.

‘ஏ’யா ‘ஆன்’னா என்பதும் தமிழ் படித்தவருக்குப் புதிதல்ல. உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’ ஊர். மற்ற இடத்தில் ‘ஒரு’ ராஜா. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். வானொலிக்காரி என்பதால் எனக்குப் பிடித்த விதி இது. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை அப்படியே தமிழில் எழுதிப் பாருங்கள். எஸ்பிஎம்: முதலில் நிற்பது ‘எ’, உயிர். ஆகவே ‘ஆன் எஸ்பிஎம் சர்ட்டிஃபிகேட்’. யுனிவர்சிட்டி: முதலில் ‘யு’, உயிர்மெய். ஆகவே ‘ஏ யுனிவர்சிட்டி’. ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் முன்னால் ஓர் எச் இருந்தாலும் அது ஒலிப்பதில்லை, ஆகவே ‘ஆன் அவர்’. (ஹோட்டலை மட்டும் ‘ஓட்டல்’ என்று எழுதிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். அதற்கு ‘ஏ’தான்.)

ஆக, அம்மா, தமிழை நிறுத்த வேண்டாம். மகன் ஆங்கிலம் வாசிப்பதைக் கூட்டுங்கள். ஒரு மொழியில் புரிந்த விதி இன்னொரு மொழிக்கு ஏணி.

அந்த ஏணியில் உடைந்த படிகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘சம்பளம் பற்றி விவாதித்தோம்’ என்பது நல்ல தமிழ். அந்தப் ‘பற்றி’யை விடாமல் தூக்கிக்கொண்டு போய் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று எழுதுகிறோம். ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது, ‘அபவுட்’ வேண்டாம். ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பதும் நல்ல தமிழ்தான். ஆனால் ‘ஐ ஹேவ் செண்ட் இட் எஸ்டர்டே’ பிழை. நேற்று, போன வாரம், 2022 என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ விலகிக்கொள்ளும்: ‘ஐ செண்ட் இட் எஸ்டர்டே.’ காலத்தைச் சொல்லாவிட்டால் ‘ஐ ஹேவ் செண்ட் இட்’ சரி. எனக்குத் தெரிந்து அலுவலக மின்னஞ்சல்களில் அதிகம் நடமாடும் பிழை இதுதான்.

‘ஷீ ஒர்க்’ என்று ‘ஸ்’ஸை விழுங்குவதற்குத் தமிழைக் குறை சொல்ல முடியாது. ‘அவள் வருகிறேன்’ என்று நம்மில் யாராவது சொல்வோமா? தமிழ் வினை ஆளுக்கு ஆள் விகுதி மாற்றும். ஆங்கிலம் நிகழ்காலத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மாறச் சொல்கிறது, அதையும் மாமாக் கடைப் பேச்சில் தொலைத்துவிடுகிறோம். மாமாக் கடையில் தொலையட்டும், தே தாரிக் ருசி குறையாது. நேர்முகத் தேர்வில் தொலையக்கூடாது.

இனி எழுத்து. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். அந்தப் பழக்கத்தில் கடிதத்தையும் அப்படியே எழுதுகிறோம்: தங்கைக்குத் திருமணம், ஊர் தைப்பிங், மண்டப வேலை, அப்பாவுக்கு முடியவில்லை, ஆகவே இரண்டு நாள் விடுப்பு. மேலாளர் அந்த ‘ஆகவே’ வரைக்கும் வருவதே சிரமம். ஆங்கில மின்னஞ்சலில் கேட்க வந்ததை முதல் வரியில் கேளுங்கள்: வியாழன், வெள்ளி இரண்டு நாள் விடுப்பு வேண்டும். காரணம் அடுத்த வரியில். தைப்பிங் தேவையே இல்லை.

‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்பதையும் விட்டுவிடலாம். செய்ய வேண்டியது என்ன என்று அதைப் படிப்பவருக்குத் தெரிவதே இல்லை.

பிழை திருத்தும் செயலி இருக்கிறதே என்பீர்கள். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூயெட்டில் எழுதுவதோடு பேசவும் வேண்டும். அங்கே பக்கத்தில் எந்தச் செயலியும் உட்கார்ந்திருக்காது. அதனால் செயலிக்குக் கொடுக்கும் முன் எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். நிலையத்தில் ஒலிபரப்புக்கு முன் நாங்கள் செய்வதும் அதுதான். மூச்சு முட்டினால் வாக்கியம் நீளம், வெட்டுங்கள். பிறகு எல்லாப் பிழைகளையும் ஒரே நேரத்தில் தேடாமல், ஒரு தடவை ‘ஏ’, ‘தி’ மட்டும். அடுத்த தடவை ‘ஸ்’ மட்டும். மூன்றாவது தடவை ‘ஹேவ்’. ஒரு பக்க மின்னஞ்சலுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.