அரண்மனை வாசலில் ஒரு தோட்டம்

தொண்ணூறுகளின் நடுவில் டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் என் மகனுக்கு ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தேன். கேசட்டை ஊதி ஊதிச் செருகினால் மீசைக்கார மேரியோ வருவார். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்ததும் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். திரும்ப எடுத்துக் கொடுத்ததாக நினைவில்லை.

போன மாதம் அவன் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். பேரன் கையில் நிண்டெண்டோ ஸ்விட்ச். "தாத்தா, இது சூப்பர் மேரியோ 64. நீங்களும் விளையாடுங்க" என்று என்னிடம் திணித்தான்.

எனக்குத் தெரிந்தது 1985இல் வந்த பழைய மேரியோ. அதில் வலப்பக்கம் மட்டுமே போகலாம். கடந்துபோன இடத்துக்குத் திரும்ப முடியாது. மேலே கடிகாரம் 400லிருந்து குறைந்துகொண்டே வரும். நாலடி வைப்பதற்குள் காளான் பொம்மை எதிரே வரும்.

1996இல் ஜப்பானில் வெளியான இந்த 64இல் எல்லாத் திசையிலும் ஓடலாம். ஆனால் என்னைக் கவர்ந்தது அதன் தொடக்கம். ஓர் அரண்மனை, அதன் முன்னே புல்வெளி, மரங்கள், அகழி. அடிக்க ஆளில்லை, குறையும் கடிகாரமும் இல்லை. "இங்க எதிரியே கிடையாது தாத்தா, சும்மா ஓடிப் பாருங்க" என்றான் பேரன். அரை மணி நேரம் அங்கேயே ஓடினேன், மரம் ஏறினேன், அகழியில் விழுந்தேன். பிறகுதான் கதவைத் திறந்தேன்.

இதை வடிவமைத்த மியாமோட்டோவின் குழு, மேடைகளை அமைப்பதற்கு முன், மேரியோ ஒரு முயலைத் துரத்தி ஓடுவதையே வைத்து அசைவுகளைச் சரிசெய்தது. பழைய ஆட்டத்தின் அடையாளமான குதித்தலை அப்படியே வைத்துக்கொண்டார்கள். முன்பு மேகத்தில் உட்கார்ந்து முள் ஆமைகளை நம் தலையில் எறிந்த லக்கிட்டுவை, இதில் நம் பின்னாலேயே வரும் கேமராக்காரன் ஆக்கிவிட்டார்கள்! 120 நட்சத்திரங்களில் 70 சேர்த்தாலே கடைசிக் கட்டத்துக்குப் போகலாம், முடியாததை விட்டுவிடலாம். குறையும் உண்டு. கேமரா சுவரோரம் மாட்டிக்கொண்டு எனக்குத் தலை சுற்றியது.

என் கட்சி இதுதான்: பழைய ஒன்றைப் புதிதாக்குகிறவர்கள் வாசலில் இப்படி ஒரு தோட்டம் விட வேண்டும். நான் வேலை பார்த்த வங்கிக் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, எங்கள் மேனேஜர் ஒரு வாரம் மாலை நேரங்களில் பொய்க் கணக்குகளில் பதிவு போட்டுப் பழகச் சொன்னார். லட்சம் லட்சமாகத் தப்புப் போட்டோம், யாருக்கும் நஷ்டமில்லை. அதன்பின் லெட்ஜரைத் தேடிப் போனவர்கள் எங்களில் யாருமில்லை.

இன்று என் கைபேசியில் ஒரு பணச் செயலி ஒரே இரவில் முகம் மாறிவிடுகிறது. நேற்றிருந்த பட்டன் இன்று இல்லை. தப்பாக மூன்று முறை தொட்டால் பூட்டிக்கொள்கிறது. தொட்டுப் பழக ஓர் இடமில்லை. முதல் தொடுதலே நிஜப் பணம். இந்தப் பயத்தில் என் நண்பர் ஒருவர் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் தெருமுனைக் கடைக்காரரிடம் கொடுத்துப் பணம் எடுத்து வரச் சொல்கிறார். நாற்பது வருடம் கணக்கெழுதிய மனிதர் அவர்! கிழவர்களுக்குப் புதுமை பிடிக்காது என்பது வீண் பேச்சு. விழுந்து எழ இடம் கொடுத்தால் எழுபத்திரண்டு வயதிலும் குதிக்கலாம் என்பதற்கு நானே சாட்சி.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் 9 நட்சத்திரம் சேர்த்திருந்தேன். எட்டிலேயே முதல் பெரிய கதவு திறந்துவிட்டது. "அன்னைக்கு அந்தப் பெட்டியைப் பூட்டியிருக்க வேண்டாம்டா" என்றேன் மகனிடம். "பரவால்லப்பா, இப்ப நீங்க விளையாடுறீங்கள்ல" என்று சிரித்தான்.

பீரோவில் தேடிப் பார்த்தேன். பெட்டி இருக்கிறது. அடாப்டரைத்தான் காணோம்.