பாம்படம் யாருடைய கைவேலை?

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பின் பிளேட் நிறுவனம் போன்றவை வெளியிட்ட அஞ்சலட்டைகளில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையவே தென்படுகிறார்கள். தோடு, மூக்குத்தி, மணிமாலை, காப்பு என்று நகைகள் துலக்கமாக விழுந்திருக்கின்றன. படத்தின் கீழேயோ ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து பறிப்பவள்’ என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒரு சொல் இல்லை. அணிந்தவளுக்கும் பெயரில்லை, செய்த ஆசாரிக்கும் பெயரில்லை. பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் நகையைக் கலையென்று மதிக்க வேண்டுமானால், இந்த இரு பெயர்களையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்த நகை ஒருபோதும் ஒற்றைக் கையின் வேலையாக இருந்ததில்லை.

தோட்டங்களுக்கு ஆள்கள் புறப்பட்டு வந்த தமிழகத் தென்மாவட்டங்களின் பாம்படம் என்ற காதணியைப் பாருங்கள். மெல்லிய பொன் தகட்டை உருண்டையும் கட்டமும் முடிச்சுமாக மடித்து, உள்ளே அரக்கை நிரப்பிச் செய்வது அது. கட்டித் தங்கமாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது அரக்கு. ஆனால் பத்தர் உலையை ஊதுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. சிறுமியின் காதைக் குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, ஆறியபின் சிறுகச் சிறுகப் பாரம் ஏற்றிக் காதை வளர்த்தெடுத்தவர்கள் வீட்டுப் பெண்கள். அந்தக் காது இல்லாமல் அந்த நகைக்கு வடிவமே இல்லை. கூட்டுப் படைப்பு என்று இன்று கலைக்கூடங்கள் பேசுவதை நம் கிழவிகள் காதிலேயே வைத்திருந்தார்கள்.

இவை இந்திய நகைகள்தானே, மலையகத்துக்கு இதில் என்ன உரிமை என்று கேட்கலாம். உண்மைதான், மலையகத் தமிழர் இந்த மண்ணின் ஆதிவாசிகள் அல்லர். பதுளை மாவட்டத்தில் அந்தப் பெயருக்கு உரியவர்கள் தம்பானை வேடர்கள். அந்த வேறுபாட்டை மறைக்கத் தேவையில்லை. ஆனால் உரிமை என்பது பிறப்பிடத்தோடு முடிந்துவிடுவதில்லை; புதிதாகப் படைப்பதாலும் அது வரும். அமெரிக்கப் பூர்வகுடியான ஹோப்பி இனத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் லொலோமா சுவரோவியம் தீட்டி, மட்பாண்டம் வனைந்து, பிறகு நகைக்கு வந்தவர். அவருடைய நகை ‘போதிய அளவு பூர்வகுடித்தன்மை’ இல்லாதது என்று முதலில் ஒதுக்கப்பட்டது. மோதிரத்தின் உட்புறத்தில், அணிபவருக்கு மட்டுமே தெரியும்படி கல் பதித்தார் அவர். இன்று ஹோப்பி நகை என்றால் அவரைத் தவிர்த்துப் பேச முடியாது. இருநூறு ஆண்டு வாழ்க்கையும் உழைப்பும் நம் நகையிலும் அப்படித்தான் புது வடிவம் தேட வேண்டும்.

இதைவிடக் கனமான கேள்வி வயிற்றைப் பற்றியது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அதில் தங்கத்துக்கு எங்கே போவது? இருக்கிற தோடும் அடகுக்கடைக்குப் போகிறது, மீளாமல் உருகுகிறது. இது முழு உண்மை. குடியிருக்கும் லயன் காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பத்தில் பெண்ணின் கைக்கெட்டிய சொத்து அந்தத் தோட்டின் அரைப் பவுண்தான். உருகிப்போகும் என்பதால்தான் வடிவத்தையாவது காப்பாற்றச் சொல்கிறேன். வடிவத்துக்குத் தங்கம் கட்டாயமில்லை. மலையக ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பையையும் வடிகட்டியையுமே கலைப்பொருளாக்கியிருக்கிறார். வெள்ளியும் பித்தளையும் இருக்கின்றன. ஒக்கம்பிட்டியில் இரத்தினக்கல் எடுக்கிறார்கள். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கனிமவளத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி இலங்கைக்கு வந்தது கனிமவியலாளராகத்தான்; அந்நூலுக்காகப் படம் பிடித்துக் கொடுத்தவர் அவர் மனைவி எதெல். நிலவியலும் ஒளிப்படமும் பட்டறையும் அன்றே ஒன்றுகூடியிருந்தன. அதே அக்கறை தோட்டப்புறத்துப் பத்தருக்கும் கிடைக்க வேண்டும். பல்கலைக்கழகமும் ஊவா மாகாணத்தின் கலாசார அதிகாரிகளும் கொழுந்தெடுக்கும் பெண்களைக் கூலிக்கு அமர்த்தாமல், வடிவமைப்பில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு ஒரு பட்டறையைத் தொடங்கட்டும். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பாட்டியின் தோட்டை உருக்கக் கொடுக்கும் முன் ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், அணிந்தவர் பெயர், செய்தவர் பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் அதன் பின்னால் எழுதிவையுங்கள்.