உம்மம்மாவின் காக்கித் தாள்



நாற்பது வயதைக் கடந்த பின் தையல் கற்கத் தொடங்கியவள் நான். மதரஸாவில் இலக்கணப் பாடம் நடத்தும்போது, "பிழை செய்யாமல் எவரும் கற்றதில்லை" என்று மாணவியருக்கு எளிதாகச் சொல்லிவிடுவேன். அச்சொல்லின் கனம் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. என் பிழை ஒன்றை இம்மாதம் உங்களிடம் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியிலும் அத்தகைய காகிதக் கட்டு ஒன்று இருக்கக்கூடும். நீங்களாவது அதைக் காத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் உம்மாவின் சிறுவயதுப் புகைப்படம் ஒன்று உண்டு. எட்டு வயதில் எடுத்தது. தோளிலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக இறங்கும் கவுன். தோளில் பஃப் வைத்த கை. சென்ற ரமலான் விடுமுறையில் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "பெருநாளைக்கு எனக்கும் இதே மாதிரி வேணும், உம்மா" என்றாள். அவளுக்கும் எட்டு வயது.

பழைய பாணி திரும்பி வருவது புதிதன்று. 1890களில் ஐரோப்பியப் பெண்கள் தோளில் பெரிதாக உப்பிய கைகளை அணிந்தார்கள். பின்னர் அது மறைந்து 1930களில் மீண்டும் வந்தது. 1981 ஜூலையில் இங்கிலாந்தின் டயானாவுடைய திருமண உடையிலும் உப்பிய கைகளை உலகம் கண்டது. நம் பிள்ளைகள் பழைய படங்களைக் காட்டி ஆசைப்பட்டால் அதை வேடிக்கையென்று தள்ளிவிட வேண்டியதில்லை. அந்த உடையைத் தைத்த கையின் அடையாளம் வீட்டிலேயே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

நான் தேடினேன். மர்ஹூமா உம்மம்மா அவர்களின் தகரப் பெட்டியில் ஒரு காகித உறை இருந்தது. சபரில் இருந்த அப்பா அவர்கள் 1950களில் பினாங்கிலிருந்து கொண்டுவந்ததாம். உள்ளே மெல்லிய தாளில் வெட்டிய துண்டுகள். எழுத்து ஒன்றும் இல்லை. எங்கும் சிறு துளைகள். பூச்சி அரித்ததென்றே நினைத்தேன். மதரஸாவில் பிற்பகலில் தையல் கற்பிக்கும் ஆசிரியைதான் சிரித்துக்கொண்டே விளக்கினார். அக்காலத்து மாதிரித் தாள்கள் பலவற்றில் அச்சு இருக்காது. துணியின் நேர்நூல் எப்பக்கம் போக வேண்டும், டாட் எங்கே பிடிக்க வேண்டும் என்பவற்றைத் துளைகளே சொல்லும். ஓரத்தில் உள்ள சிறு வெட்டுகள் எந்தத் துண்டு எதனுடன் சேரும் என்பதைக் காட்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனீசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863ஆம் ஆண்டில், அளவு வாரியாக வெட்டிய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். வீட்டுப் பெண்கள் தையற்காரரின் உதவியின்றித் தாமே உடை தைத்துக்கொள்ள அது வழி திறந்தது. ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத உம்மம்மா அவர்கள், நம் கடலோர ஊரில் அமர்ந்து, அத்துளைகளைக் கொண்டே அந்த உடையைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மூலத் தாள்களில் கத்தரிக்கோல் பட்ட தடமே இல்லை. எல்லாவற்றையும் காக்கித் தாளில் படியெடுத்து, தம் பிள்ளைகளின் அளவுக்கு மாற்றி வரைந்திருந்தார்கள். அத்தாள்களில் பென்சிலால் எழுதியிருந்தது அரபுத் தமிழ். தையல் ஆசிரியைக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கும். ஆயினும் நான் படிக்கவில்லை. அவசரம்!

கவுனின் முன்பக்கத் தாளில், கீழ் விளிம்பில், ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு கோடுகள் இருந்தன. என் மகளுக்கு 29 அங்குல உயரம் போதும்; அது இரண்டாவது கோட்டில் சரியாக வந்தது. இரவு பிள்ளை உறங்கிய பின் அக்கோட்டின் வழியே வெட்டினேன். இரண்டு கீற்றுகள் தரையில் விழுந்தன.

காலையில் கூட்டும்போதுதான் அவற்றை எடுத்துப் படித்தேன். மெல்லிய கீற்றில் நுண்ணிய எழுத்தில் இருந்தது: "எட்டு வயது. காய்ச்சல் வருடம். அரை அங்குலம்தான் வளர்ந்தாள்." அகன்ற கீற்றில் இருந்தது: "ஒன்பது வயது. இரண்டரை அங்குலம். அல்ஹம்துலில்லாஹ்."

உம்மாவிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "காய்ச்சல் வந்தது நினைவிருக்கு. உம்மா பயந்திருந்தாங்கன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்கள். அறுபது ஆண்டுகளாகப் பெட்டியில் பத்திரமாக இருந்த அந்தச் செய்தியைத்தான் நான் குப்பையாகக் கூட்டித் தள்ள இருந்தேன்.

கீற்றுகளை நீர்த்த மைதாப் பசையால், பின்பக்கம் மெல்லிய தாள் வைத்து ஒட்டிவிட்டேன். ஒட்டிய தடம் தெரியத்தான் செய்கிறது. இருக்கட்டும்.

சகோதரிகளே! முன்னோரின் மாதிரித் தாள் நம்மிடம் வந்த அமானிதம். அதைக் கொண்டு தைக்கலாம், தைக்கத்தான் வேண்டும். ஆனால் மூலத்தில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். நான் பின்னர் கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

மடிந்த தாளை, தண்ணீர் தெளிக்காமல், இளஞ்சூட்டு இஸ்திரிப் பெட்டியால் மெல்ல நீவுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அது நாளடைவில் மஞ்சளித்து, இறுகி, தாளையும் கெடுத்துவிடும். பட்டர் பேப்பரை மேலே விரித்து, ஓரக்கோடு, துளை, வெட்டு, எழுத்து அனைத்தையும் படியெடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை துணியில் ஏறும்.

உறையில் போட்டிருக்கும் வயதையோ அளவு எண்ணையோ நம்பாதீர்கள். பழைய எண்களும் இன்றைய எண்களும் ஒத்துவருவதில்லை. இஞ்சு டேப்பை எடுத்து மார்பு, தோள், முதுகு, கை, உயரம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தையலுக்கு விடும் துணி தாளில் சேர்ந்துள்ளதா என்பதையும் பாருங்கள். வெளிநாட்டு உறைகளில் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். உம்மம்மாவின் தாளில் சேர்க்கப்படவில்லை.

மார்பில் இரண்டு அங்குலம் கூட்ட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். முன்பக்கமும் பின்பக்கமும் மடித்து வெட்டுவதால், தாளில் இருப்பது கால் பங்கு அளவே. ஆகவே முன் தாளில் அரை அங்குலம், பின் தாளில் அரை அங்குலம் கூட்டினால் போதும். கைக்குழி மாறினால் கையின் தாளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பஃப் கைக்கு, படியெடுத்த தாளை மேலிருந்து கீழாகக் கீற்றுகளாக வெட்டி, இடைவெளி விட்டுப் பரப்பி, ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமாக்கிப் புதிதாக வரையுங்கள். கூடுதல் அகலம் தோளில் சுருக்காக வரும். கையின் நீளத்தை மணிக்கட்டு வரை கூட்டிக்கொள்வதும் இவ்வாறே எளிது.

முதலில் புதுத் துணியைத் தொடாதீர்கள். நைந்த கைலி ஒன்றில் தைத்துப் பாருங்கள். நான் அப்படித் தைத்ததில் இரண்டு கைகளையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருந்தேன்! வாப்பாவின் பழைய கைலியோடு போயிற்று. ஒரு கையை வெட்டிய பின் தாளைத் திருப்பிப் போட்டு மறு கையை வெட்ட வேண்டுமென்பது அன்று மனத்தில் பதிந்தது.

பெருநாள் அன்று மகள் அந்தக் கவுனை அணிந்தாள். கழுத்தில் ஒரு பக்கம் சற்றே இழுத்தது; அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. உம்மா அவளைத் தம் பழைய படத்தின் அருகே நிறுத்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு, நான் படியெடுத்த பட்டர் பேப்பரின் கீழ் விளிம்பில் அரபுத் தமிழிலேயே எழுதி வைத்தேன்: "எட்டு வயது. 29 அங்குலம். நலமாக இருக்கிறாள்." அடுத்த ஆண்டுக்கு அதன் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

நீங்களும் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு திறங்கள். கிடைக்கும் தாளை முதலில் படியுங்கள், அடுத்து படியெடுங்கள், அதன்பின் துணியை வெட்டுங்கள்.

வஸ்ஸலாம்.