இரண்டாம் வகுப்பில் தேறிய கணிதர்

1957இல் சென்னை லயோலா கல்லூரியில் கணித ஆனர்ஸ் முடித்த சி.பி. ராமானுஜத்துக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்புதான். அதே ஆண்டு பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, கொடைரா என்ற ஜப்பானியக் கணித மேதையின் பெயரோடு சேர்த்து அவர் பெயரைத் தாங்கிய தேற்றம் இயற்கணித வடிவியலில் நிலைபெற்றுவிட்டது. விடைத்தாள் திருத்தியவர்கள் கண்ணுக்குப் படாதது வேறொருவர் கண்ணில் பட்டிருந்தது. அவர் லயோலாவின் கணிதப் பேராசிரியர், பிரெஞ்சு ஏசு சபைத் துறவி சார்ல் ராசீன். பம்பாய்க்கு விண்ணப்பிக்கத் தூண்டியவரும், பரிந்துரைத்தவரும் அவரே.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆனர்ஸ் வகுப்பை இன்று பலர் மறந்துவிட்டார்கள். இன்டர்மீடியட் இரண்டு ஆண்டு. அதன் பிறகு மூன்று ஆண்டு ஒரு பாடத்திலேயே ஊறிக் கிடக்கலாம். பட்டத்துக்கு எம்.ஏ.வுக்கு நிகரான மதிப்பு இருந்தது. வகுப்பில் ஆட்கள் குறைவு என்பதால் ஆசிரியருக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். சேர்ந்தவர்களில் பலருக்கு அரசு உத்தியோகத்தின் மேல்தான் கண். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்த, பின்னாளில் வானியற்பியலாளரான எஸ். சந்திரசேகரின் வீட்டிலேகூட ஐ.சி.எஸ். பேச்சு அடிபட்டதுண்டு. 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டை அந்த மாணவர் தேடிப்போய்ப் பார்த்தார். தான் கற்றிருந்த அணுக்கொள்கை அதற்குள் பழசாகிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. சோமர்ஃபெல்ட் தம் புதிய கட்டுரையின் அச்சுப்படியை அவர் கையில் கொடுத்தார். பட்டம் பெறுவதற்கு முன்பே சந்திரசேகரின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்துவிட்டது.

அது தற்செயலாக அமைந்த ஒரு சந்திப்பு. ராசீன் செய்ததோ, அப்படியொரு சந்திப்பை ஆண்டுதோறும் வகுப்புக்குள்ளேயே நடத்தியது.

பாரிஸில் எலீ கார்த்தானிடம் ஆய்வு செய்து 1934இல் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர். 1937இல் திருச்சி தூய வளனார் கல்லூரிக்கு வந்தார். 1939இல் லயோலாவுக்கு மாறினார். பிரெஞ்சுக் கணிதர்கள் ஆந்த்ரே வெயிலும் ஆன்றி கார்த்தானும் அவருடைய நண்பர்கள். நம் பாடத்திட்டம் கேம்பிரிட்ஜின் பழைய டிரைபாஸ் தேர்வின் தடத்திலேயே போய்க்கொண்டிருந்தது: கடினமான கணக்குகள், தந்திரமான தீர்வுகள், மனப்பாடம். பாரிஸில் அந்தக் காலத்தில் கணிதத்தையே அடியிலிருந்து புதிதாகக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புதிய கணிதத்தை லயோலா மாணவர்களின் காதில் போட்டார் ராசீன். தேர்வுக்கு அது உதவாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். நல்ல மாணவரைத் தம்மிடமே வைத்துக்கொள்ள அவர் நினைத்ததில்லை, பம்பாய்க்குப் போ என்று அனுப்பிவைத்தார். 1953இல் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் அப்படிப் போனவர்கள். 1965இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்று உலகெங்கும் பாடமாக இருக்கிறது.

ஆனர்ஸ் வகுப்பு நடத்துவது என்றால் இதுதான் என்று நான் நம்புகிறேன். பாடத்திட்டத்துக்கு வெளியே உயிரோடு இருக்கும் அறிவுலகத்தோடு ஆசிரியருக்குத் தொடர்பு வேண்டும். மதிப்பெண்ணைத் தாண்டி ஒரு மாணவரைப் பார்க்கும் பார்வையும், தம் சொல்லைப் பணயம் வைத்து அவரைப் பரிந்துரைக்கும் துணிவும் வேண்டும். 1950களின் இறுதி வாக்கில் புகுமுக வகுப்பு வந்து பழைய அமைப்பு கலைந்தபோது ஆனர்ஸும் போயிற்று. சாதாரண மாணவருக்கும் உயர்கல்வி எட்ட வேண்டும் என்ற அன்றைய நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறிய வகுப்பும் நீண்ட அவகாசமும் அதோடு சேர்ந்து போனதைப் பற்றி அன்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது ஆனர்ஸ் என்ற பெயர் திரும்பி வந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நான்காண்டுப் பட்டத் திட்டத்தில், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவரே நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த வாசலில் இரண்டாம் வகுப்பு ராமானுஜம் நின்றிருந்தால் திரும்பிப் போயிருப்பார். நியாயமான தேர்வுக்கு ஓர் எண் தேவைப்படுகிறது என்பது புரிகிறது. சிபாரிசு என்ற சொல்லுக்கு நம் ஊரில் உள்ள கெட்ட பெயரும் தெரியும். இருந்தும், ஒவ்வொரு துறைக்கும் ஆண்டுக்கு ஓரிரு இடங்களை விதியிலேயே ஒதுக்க வேண்டும்: 75க்குக் கீழே நிற்கும் ஒரு மாணவரை, காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு, ஆசிரியர் உள்ளே அழைத்துவர அந்த இடங்கள் பயன்படட்டும்.