வயிற்றில் அடிபட்டவரை ஒரே ஸ்கேனோடு வீட்டுக்கு அனுப்பாதீர்

விபத்தில் வயிறு அடிபட்டு வந்தவரை அல்ட்ராசவுண்ட் கருவியால் ஒரேயொரு முறை பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, போகலாம்" என்று வலி மாத்திரையோடு அனுப்பிவைக்கும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். அந்த ஒருமுறைகூடப் பார்க்காமல் அனுப்புவது அதனினும் கொடிது. இரண்டும் உடனே நிற்க வேண்டும்.

மலாக்காவின் பாச்சாங்கிலிருந்து செங், பத்து பிரெண்டாம் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் புறப்படும் நம் பிள்ளைகளுக்கும், ஜாசின், செலாண்டார் பக்கம் செம்பனைத் தோட்டங்களின் மண்சாலையில் போய்வரும் தொழிலாளர்களுக்கும் மோட்டார் சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,443 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

வண்டி சரியும்போது ஹேண்டலின் முனை வயிற்றில் குத்துகிறது. வெளியே இருபது சென் நாணயம் அளவுக்கு ஒரு கன்றல், அவ்வளவுதான். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கும். அடிபட்டவர் தானே நடந்து அவசரப் பிரிவுக்குள் வருவார். நடந்து வந்தவர் என்பதால் அவரை அவசரமில்லாதவர்களுக்கான பச்சைப் பகுதியில் உட்கார வைப்பார்கள். முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போடுவார்கள். இடது தோள் வலிக்கிறது என்பார். தோளுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். மண்ணீரலிலிருந்து கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் வலி இடது தோளில் தெரியும் என்பது மருத்துவக் கல்லூரியில் எல்லாரும் படித்த பாடம். நள்ளிரவு நெரிசலில் அந்தப் பாடம் மறந்துபோவதற்கு ஓர் உயிர் விலையாகக் கூடாது.

'பிரஷர் சரியாகத்தானே இருக்கிறது' என்ற பதிலையும் ஏற்க முடியாது. திடகாத்திரமான இளைஞனின் உடல் கால்பங்கு ரத்தத்தை இழந்த பிறகும் ரத்த அழுத்தத்தை விழவிடாமல் தாங்கிப் பிடிக்கும். நாடித் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். தாங்க முடியாத கட்டம் வந்ததும் சட்டென்று சரிந்துவிடுவான்.

அதற்கு முன்பே பிடிக்கத்தான் அந்த அல்ட்ராசவுண்ட் கருவி. கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில் மூத்திரப்பையை ஒட்டி, பிறகு இதயத்தின் உறையில் என நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தால், தேங்கிய ரத்தம் திரையில் கறுப்பாகத் தெரியும். நோயாளியைக் கட்டிலைவிட்டு நகர்த்த வேண்டாம். கதிர்வீச்சு இல்லை. சில நிமிட வேலை. முன்பெல்லாம் வயிற்றைக் கீறிக் குழாய் செருகி, உப்புநீர் விட்டுக் கழுவி, திரும்பி வரும் நீரில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1965இல் வந்த முறை அது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 1980களிலேயே மருத்துவர்கள் அல்ட்ராசவுண்டுக்கு மாறிவிட்டார்கள். 1990களில் அமெரிக்காவின் கிரேஸ் ரொசிக்கி போன்ற அறுவை மருத்துவர்கள் அதை அவசரப் பிரிவின் வாடிக்கையாக்கினார்கள். நம் நாட்டிலும் கிளந்தானின் குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1998இல் அவசர மருத்துவத்துக்கென்றே முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. புதிய முறை, பழக்கமில்லை என்று இனியும் யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கருவிக்கும் எல்லை உண்டு. வயிற்றுக்குள் ரத்தம் 200 மில்லிலிட்டருக்கும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் தென்படாது. குடலில் விழுந்த ஓட்டையும், நசுங்கிய கணையமும், முதுகுப் பக்கம் தேங்கும் ரத்தமும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். சைக்கிள் ஹேண்டல் குத்திய சிறுவர்களுக்குக் கணையமும் முன்சிறுகுடலும் அடிபடுவது மருத்துவ உலகம் நன்கறிந்த ஆபத்து. முதல் ஸ்கேனில் ரத்தம் தெரியவில்லை என்றால், அந்த நிமிடத்தில் தெரியவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. அதை நற்சான்றிதழாக எழுதிக் கையில் கொடுத்தனுப்புவது மருத்துவமல்ல, அலட்சியம்.

மருத்துவர்களின் சுமையை அறியாமல் பேசவில்லை. 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையைவிட்டு வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. கண்விழித்துக் களைத்துப்போன ஓர் இளம் மருத்துவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிர்வாகத்தையே கேட்கிறோம்.

சுகாதார அமைச்சு இதைத் திருத்த வேண்டும். வயிற்றில் அடிபட்டவர் நடந்தே வந்தாலும் ஸ்கேன் செய்யாமல் பச்சைப் பகுதியில் காக்கவைக்கக் கூடாது. மலாக்கா நகரிலானாலும் அலோர் காஜா, ஜாசினிலானாலும் ஒவ்வோர் இரவுப் பணியிலும் இந்தப் பரிசோதனையில் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். வலி குறையாவிட்டால் சிடி ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்குப் போகிறவரிடம் வயிற்றுவலி கூடினால், வாந்தி வந்தால், தலை சுற்றினால், தோள் வலித்தால் அப்போதே திரும்பி வரச் சொல்லும் தாளை மலாயிலும் தமிழிலும் கொடுக்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. ஏணியிலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த தொழிலாளியை லோரியின் பின்னால் ஏற்றாதீர்கள். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று லயத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். 999ஐ அழையுங்கள். வயிற்றில் அடிபட்டிருக்கிறது என்பதை ஆம்புலன்சில் வருகிறவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.