கோயில் சுற்றுலாவுக்கு பஸ் எடுக்கிறவங்க கொஞ்சம் படிங்க

ஓம் சரவணபவ.

கொஞ்சம் நீளமான பதிவு. ஆனா பள்ளி விடுமுறை வருது, எல்லா கோயில் வாட்ஸ்அப் குரூப்லயும் "பினாங்கு ஆலய தரிசன சுற்றுலா"ன்னு போஸ்டர் வர ஆரம்பிச்சிடுச்சு. அதனால இப்பவே சொல்லிடறேன்.

போன வாரம் வந்த ஒரு போஸ்டரைப் பார்த்தேன். இரண்டு கோயில், ஐந்து சாப்பாட்டு இடம், இரண்டு செல்ஃபி இடம். தலைப்பு மட்டும் "ஆலய தரிசனம்". ஊர் சுத்துறது தப்புன்னு நான் சொல்ல வரல. நல்லா சுத்துங்க. ஆனா கோயில் பேர்ல பஸ் எடுத்தா அந்தப் பயணத்தை யாரைப் பார்த்து திட்டம் போடணும்? என் கருத்து ஒன்னுதான்: பஸ்ல ஏறுறவங்கள்ல மூத்தவர் யாரோ, அவரைப் பார்த்துத்தான் நேரமும் இடமும் போடணும்.

நான் ஃபேக்டரியில சூப்பர்வைசரா வேலை செய்றேன். ஒரு லைன்ல பத்துப் பேர் இருந்தா, யாரு வேகம்னு பார்த்து டார்கெட் போட முடியாது. எந்த இடம் மெதுவோ, அந்த வேகத்துலதான் மொத்த லைனும் ஓடும். அதை மறந்துட்டு போட்ட கணக்கு சாயந்திரம் உதைக்கும். நாற்பது பேர் போற பஸ்ஸும் அப்படித்தான்.

போன வருஷம் ஒரு குழுவோட தொண்டரா கூடப் போயிருந்தேன். எந்தக் குழு, எந்தக் கோயில்னு சொல்ல வேண்டாம். காலையில பசியாற ஒரு வைரல் கடைக்குப் போனாங்க. வரிசையில நின்னே ஒன்றரை மணி நேரம் போச்சு. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தப்போ நடை சாத்தியாச்சு, திறக்க சாயந்திரம் ஆகும்னாங்க. எங்க பஸ்ல எஸ்டேட்ல பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி இருந்தாங்க. கையில முருகனுக்கு வாங்கின மாலை. யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லல. மாலையை வெளி கேட்டுலயே மாட்டிட்டு, கும்பிட்டுட்டு வந்து பஸ்ல உட்கார்ந்தாங்க. இந்த வருஷம் கூப்பிட்டா, "வேண்டாம் தம்பி, உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கும்"னு சொல்றாங்க. பாரம்னு அவங்களை நினைக்க வெச்சது யாரு?

"அப்போ இளசுங்க எல்லாம் வரக்கூடாதா? அவங்களும்தானே காசு கட்டுறாங்க?"ன்னு சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. இரண்டு பேருக்கும் பொருந்துற மாதிரி திட்டம் போட முடியும். பினாங்கையே எடுத்துக்குவோம்.

முதல்ல, ராத்திரி பஸ் வேண்டாம். ரூம் வாடகை மிச்சம்னு ராத்திரி 11 மணிக்குக் கிளம்பி, விடியக்காலை எங்கேயாவது பெட்ரோல் ஸ்டேஷன்ல முகம் கழுவி, அப்படியே மலை ஏற விடுறாங்க. பெரியவங்களுக்கு கால் வீங்கிப் போயிருக்கும். டிரைவருக்கும் தூக்கம் இருக்குதில்ல? சனிக்கிழமை காலை கிளம்புங்க, ஒரு ராத்திரி தங்குங்க. கொஞ்சம் கூட செலவாகும், ஆனா அந்தக் காசு வீண் இல்ல.

சனி சாயந்திரம் குயின் ஸ்திரீட் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1833-ல கட்டினது, பினாங்குல ரொம்ப பழமையான இந்துக் கோயில். லிட்டில் இந்தியா நடுவுலயே இருக்கு, மலை ஏறுற வேலை இல்ல. பெரியவங்க பூஜை பார்த்துட்டு நிதானமா உட்காரட்டும். இளசுங்க அந்த நேரத்துல ஆர்மேனியன் ஸ்திரீட் பக்கம் போய், 2012-ல வரைஞ்ச அந்த சைக்கிள் ஓவியத்துகிட்ட எத்தனை படம் வேணும்னாலும் எடுக்கட்டும். நடக்குற தூரம்தான். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

ஞாயிறு காலை 7 மணிக்கு தண்ணீர்மலை. படி 513. பத்துமலைக்கு 272 படின்னா இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஏறி இறங்கிடணும், பத்து மணிக்கு மேல கல்லு சுடும். ஏற முடியாதவங்களை "இங்கேயே இருங்க, வந்துடறோம்"னு பஸ்ல விட்டுட்டுப் போகாதீங்க. அதே சாலையில நாட்டுக்கோட்டை செட்டியார் கோயில் இருக்கு, அங்கேயும் முருகன்தான். ஒரு தொண்டரைத் துணைக்கு அனுப்பி அவங்களை அங்க நல்லபடியா தரிசனம் செய்ய வைங்க.

அதுக்கு அப்புறம் கொடிமலை. இளசுங்களுக்குப் பிடிச்ச இடம், 1923-லிருந்து ஓடுற மலை ரயில். மலை மேல திருமுருகன் கோயில் இருக்குன்னு நம்ம ஆளுங்க பல பேருக்குத் தெரியல. ரயில்ல மேல போய், கொஞ்ச தூரம் மெதுவா நடந்தா தரிசனம். தண்ணீர்மலை படி ஏற முடியாத பாட்டிக்கு மலை மேல முருகனைப் பார்த்த சந்தோஷம், பேரப்பிள்ளைக்கு ரயில்ல போன சந்தோஷம். டிக்கெட்டை ஆன்லைன்ல முன்கூட்டியே வாங்கிடுங்க, வார இறுதியில வரிசை நீளம். ஐசி மறக்காதீங்க, உள்ளூர் விலைக்கு அதைக் காட்டணும்.

எந்தக் கோயிலா இருந்தாலும் இரண்டு நாள் முன்னாடி போன் போட்டு, நடை சாத்துற நேரம் கேளுங்க. அப்படியே எத்தனை பேர் வர்றோம்னும் சொல்லுங்க. சொல்லாம நாற்பது பேர் போய் அன்னதான வரிசையில நின்னா, அந்தக் கோயில் சமையல்கட்டுல இருக்கிறவங்க என்ன செய்வாங்க? சாப்பிட்டா உண்டியல்ல கொஞ்சம் போடுங்க, இலையில மிச்சம் வைக்காதீங்க.

இப்போ சாப்பாடு. பினாங்கு சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர், மறுக்கல. ஆனா விரதம் இருக்கிறவங்க கவனமா இருக்கணும்:

- அசாம் லக்சா குழம்பே மீன்லதான்.
- பழ ரோஜாக் பார்க்க சைவம் மாதிரி இருக்கும். மேல ஊத்துற கருப்பு சாஸ்ல இறால் விழுது இருக்கும்.
- "காய்கறி மட்டும் போடுங்க"ன்னு சொன்னாலும் கங்கோங்ல பெலாச்சான் சேர்ப்பாங்க. பெலாச்சான் இல்லாம வேணும்னு வாய் திறந்து கேளுங்க.
- அப்பம் மாவுல சில கடையில முட்டை சேர்ப்பாங்க. கேட்டு வாங்குங்க.
- செண்டோல் பயப்படாம குடிக்கலாம். தேங்காய்ப் பால், குலா மலாக்கா, சிவப்பு பீன்ஸ். சர்க்கரை வியாதி இருக்கிறவங்க அளவா.

வைரல் கடைக்குப் போகணும்னா தரிசனம் முடிஞ்ச பிறகு போங்க. இரண்டு பேர் வரிசையில நின்னு பொட்டலம் வாங்கிட்டு வந்தா போதும், மொத்த பஸ்ஸும் வெயில்ல நிக்க வேண்டியதில்ல.

எடுத்துட்டுப் போற பொருள்:

- மருந்தை பெரிய பைக்குள்ள போட்டு பஸ் அடியில வைக்காதீங்க. கைப்பையில இருக்கட்டும், கூடவே நாலு பிஸ்கட்.
- கைத்தடி வெச்சிருக்கிறவங்க, அடியில இருக்கிற ரப்பரைத் திருப்பிப் பாருங்க. தேஞ்சு வழவழன்னு இருந்தா ஈரப் படியில வழுக்கும். சில வெள்ளிதான், புதுசு மாத்திடுங்க.
- மடக்கு நாற்காலி பஸ்ஸுக்கு நாலு. தொண்டர்கள் தூக்கிக்கலாம்.
- செருப்பு போட ஒரு துணிப் பை, சாமான் வாங்க ஒரு துணிப் பை. பினாங்குல 2011-லிருந்தே இலவச பிளாஸ்டிக் பை கிடையாது.
- பிரசாதம், வாழைப்பழத்தைக் கையில ஆட்டிட்டு நடக்காதீங்க. குரங்கு பிடுங்கும். ஜிப் வெச்ச பைக்குள்ள போடுங்க.
- பிள்ளைங்க கழுத்துல மாட்டிட்டு வர்ற சின்ன ஃபேனைப் பார்த்து நாம சிரிக்கிறோம். உண்மையில நல்ல பொருள். ஒன்னு கூட வாங்கி பாட்டி கழுத்துல மாட்டி விடுங்க.
- பெரியவங்க சட்டைப் பையில, முந்தானையில ஒரு சீட்டு: பேர், தொண்டர் போன் நம்பர், சாப்பிடுற மருந்து.

இன்னொரு முக்கியமான விஷயம். பெரியவங்க பஸ்ல தண்ணியே குடிக்க மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா? தாகம் இல்லாம இல்ல. பாத்ரூம் போகணும்னு டிரைவர்கிட்ட கேட்க கூச்சம். ஒருத்தருக்காக பஸ் நிக்கணுமான்னு நினைச்சு, காலையிலிருந்து வாயை நனைக்காம வர்றாங்க. அப்புறம் படியில தலை சுத்தி உட்காருவாங்க. அதனால கேட்டாலும் கேட்காட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்க. தாப்பா, சுங்கை பேராக்னு நெடுஞ்சாலையில ஓய்விடம் இருக்கு. கிளம்பும்போதே மைக்ல எங்கெங்க நிக்கும்னு சொல்லிடுங்க. அந்த நம்பிக்கை இருந்தா அவங்களே தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பாங்க.

கோயில் நிர்வாகத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். போஸ்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி பேர் கொடுத்த பெரியவங்க இரண்டு பேரைக் கூப்பிட்டு, அந்தத் திட்டத்தைப் படிச்சுக் காட்டுங்க. "இது உங்களுக்கு முடியுமா?"ன்னு கேளுங்க. பத்து நிமிஷ வேலை. பத்து பேருக்கு ஒரு தொண்டர்னு பிரிச்சுக் கொடுங்க. ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இன்னைக்கு நாம நின்னு கும்பிடுற கோயில்கள்ல பல தோட்டத்துல வேலை செஞ்சவங்க சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கிக் கட்டினது. அவங்க பிள்ளைங்கதான் இப்போ எழுபது, எண்பது வயசுல நம்ம பஸ்ல முன் சீட்டு கேட்கிறாங்க. அவங்களுக்கு இன்னும் எத்தனை பயணம் பாக்கி இருக்கும்? நமக்கு அடுத்த வருஷமும் பினாங்கு இருக்கு, செண்டோல் கடையும் அங்கேயேதான் இருக்கும்.

சரின்னு பட்டா உங்க கோயில் குரூப்ல பகிருங்க. விட்டுப்போனது இருந்தா கீழே எழுதுங்க, சேர்த்துக்கலாம். இந்த விடுமுறைக்குப் பஸ் எடுக்கிறவங்க, வீட்டுல "நான் வரல"ன்னு சொன்ன பெரியவங்களை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்க.

வேலும் மயிலும் துணை.