உபதேசியார்களின் மலைப்பாதை

வெளிநாட்டு மிஷனரி என்றவுடன் ஐரோப்பியப் பாதிரியாரை மட்டுமே நினைத்துக்கொள்ளும் நம் வழக்கம், இலங்கையின் கம்பளையைச் சூழ்ந்த மலைகளின் சரித்திரத்துக்குப் பெரும் அநீதி இழைக்கிறது. 1854ஆம் ஆண்டில், கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழருக்கென்று 'தமிழ்க் கூலி மிஷன்' தோன்றியபோது, அதன் மேற்பார்வை ஆங்கிலேயரிடத்து இருந்ததாயினும், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள்தோறும் சென்று மக்களோடு பேசியவர்கள், திருநெல்வேலிச் சபைகளிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் உபதேசியார்களே.

கம்பளைக்கு ரயில் வந்தது 1873இல்; அதற்கு முன் வந்த உபதேசியார்களுக்குக் கால்களே வாகனம். விடியலில் பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போன தொழிலாளி, மாலையில் நனைந்து திரும்பி அடுப்பு மூட்டும் வேளையிலன்றி அவரோடு பேச அவகாசம் ஏது? காய்ச்சலில் கிடந்தவனருகே அமராதவரின் வேதவசனம் அங்கே எவர் நெஞ்சிலும் ஏறியிராது என்பது என் துணிபு. மிஷனுக்குப் பொருளுதவி செய்தவர்கள் தோட்டத் துரைமாரே. அவர்கள் தயவில் நின்றுகொண்டு தொழிலாளியின் துயரத்துக்குச் செவிசாய்ப்பது எத்துணைப் பெரிய ஆத்ம சோதனை! அச்சோதனையே உபதேசியார்களின் விசுவாசத்தின் உண்மையான பாடசாலை என்று நான் கருதுகிறேன்.

தமிழ்க் கிறிஸ்தவர்களான அசரியா முதலியோர் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவியது 1903இல்தான். மலைநாட்டுக்கு வந்த இந்த உபதேசியார்களோ அதற்கு அரை நூற்றாண்டு முந்தியவர்கள். பழைய சபைப் பதிவேடுகள் செல்லரித்துப் போகுமுன், அவற்றிலுள்ள உபதேசியார்களின் பெயர்களைத் திரட்டி அச்சிடும் பணியைக் கண்டிப் பகுதித் திருச்சபைகள் இவ்வாண்டே தொடங்க வேண்டும்.